தெருவின் தேய்மானம் யார் கணக்கில்?

பொதுச் செலவு என்று ஒன்று வந்துவிட்டால், ஊராயினும் சங்கமாயினும் முதலில் எழும் வினா, "இது யார் கணக்கில்?" என்பதே. கிணறு தூர் வார வேண்டுமா, சங்கக் கட்டடத்திற்கு ஓடு மாற்ற வேண்டுமா, பாவடிக்கு மண் கொட்டி மேடாக்க வேண்டுமா, எதுவாயினும் சரி. பயன் பெறுவோர் தருக என்பார் ஒரு சாரார், எல்லோரும் தருக என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் நியாயமே பேசுகிறார்கள் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். இவ்வழக்கு நெடுங்காலமாகவும் கூர்மையாகவும் நடந்துவரும் இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நகரங்கள். தேய்ந்த தெருவைத் திரும்பப் போடும் செலவை யார்மேல் வைப்பது என்பதே அங்குள்ள வழக்கு. அதனை இவ்விதழில் சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறோம். கடல் கடந்த ஊர்க்கதை நமக்கு எதற்கு என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். தெருவைப் பொறுத்தவரை அவர்கள் செய்யும் பிழையை நாமும் செய்து வருகிறோம். அவர்கள் கற்ற நல்ல பாடத்தை நாம் இன்னும் கற்கவில்லை. இதுவே காரணம்.

அங்கே வழங்கும் முறையின் பெயர் 'ஸ்பெஷல் அசெஸ்மெண்ட்' என்பது. நிலத் தீர்வை கட்டிப் பழகிய நம்மவர்க்கு விளங்கும் பொருட்டு இதனைத் தனித் தீர்வை என்று வழங்குவோம். ஆண்டுதோறும் எல்லா வீட்டாரும் செலுத்தும் சொத்து வரி வேறு, இது வேறு. ஒரு தெருவில் தார் போட்டாலோ, சாக்கடை கட்டினாலோ, நடைபாதை அமைத்தாலோ, அவ்வேலையால் எந்தெந்த மனைகளின் மதிப்பு உயர்கிறதோ அந்த மனைகளின்மேல் மட்டும் அதன் செலவை, முழுமையாகவோ பகுதியாகவோ, பங்கிட்டு ஏற்றுவது தனித் தீர்வை. செலுத்தாவிடில் வரிப் பாக்கியைப் போலவே அது மனையைப் பற்றி நிற்கும். மனை கைமாறினாலும் பாக்கி மனையோடு போகும். வடக்கு டக்கோட்டா மாநிலத்துப் பார்கோ நகரில் வீடு வாங்கப் போகிறவர், விலையைக் கேட்ட கையோடு 'ஸ்பெஷல்ஸ்' எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றும் கேட்பது வழக்கம். நம்மூரில் பத்திரம் முடிக்குமுன் வில்லங்கம் பார்ப்பது போன்றது அது.

இம்முறை நேற்று முளைத்ததன்று. 1666இல் லண்டன் மாநகர் தீக்கு இரையான பின், அதனைத் திரும்பக் கட்டுவதற்காக 1667இல் இயற்றிய சட்டத்திலேயே இக்கருத்து உண்டு. அதன் சாயலில் 1691இல் நியூயார்க்கில் ஒரு சட்டம் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நகரங்கள் விரைந்து பெருகியபோது இது எங்கும் பரவிற்று. ஊரின் நடுவே காலங்காலமாகக் குடியிருப்பவர், ஊர்ப்புறத்தில் வயலை மனையாகப் பிரித்து விற்பவனுக்காக ஏன் வரி கட்ட வேண்டும் என்ற கேள்விக்கு அது தக்க விடையாக இருந்தது. சேறும் புழுதியுமாக இருந்த வழி, கல் பாவிய தெருவாயிற்று. மனையின் விலை ஏறிற்று. ஏறிய விலையில் ஒரு பகுதி தெருச் செலவாகத் திரும்பி வந்தது. அந்நிலைக்கு அது நியாயமே, நமக்கு ஐயமில்லை. 1920களில் மனை வியாபாரம் சூடேறியபோது மட்டும் அம்முறை கெட்டது. வீடே எழாத மனைகளுக்குத் தெருவும் சாக்கடையும் போடப் பல நகரங்கள் கடன் பத்திரம் வெளியிட்டன. 1929க்குப் பின் வந்த பெருமந்தத்தில் தீர்வை வசூலாகவில்லை. பத்திரங்களும் தவணை தவறின. அங்கத்தினர் பாக்கி நின்று, மத்திய பாங்கிக்குச் சங்கம் தவணை தவறுவது எப்படி என்று அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இனி நல்ல பாடத்தைச் சொல்லுவோம். மின்னசோட்டா மாநிலச் சட்டத்தின் 429ஆம் அத்தியாயம் தனித் தீர்வையின் நடைமுறையைக் கூறுவது. நகரசபை தானாகவே ஒரு தெருவின் வேலையைத் தொடங்கலாம். அன்றித் தெருவை ஒட்டிய முகப்பில் நூற்றுக்கு 35 பங்குக்குக் குறையாமல் உடையவர்கள் மனுக் கொடுத்தும் தொடங்கலாம். மனுவின்றித் தொடங்குவதாயின் சபையில் ஐந்தில் நான்கு பங்கினர் இசைய வேண்டும். வேலை அவசியந்தானா, செலவு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே அறிக்கை வேண்டும். பத்திரிகையில் அறிவிப்பு, மனையுடையார் ஒவ்வொருவருக்கும் தபாலில் அறிவிப்பு, அதன்பின் பொது விசாரணை. இஃதோடு முடியவில்லை. வேலை வேண்டுமா என்பதற்கு ஒரு விசாரணை. யாருக்கு எவ்வளவு என்பதற்கு வேறொரு விசாரணை. தொகை மிகுதி என்று கருதுகிறவர் இரண்டாம் விசாரணைக்குள் கையொப்பமிட்டு எழுத்து மூலம் ஆட்சேபம் தர வேண்டும். தந்தவர், தீர்வை முடிவான 30 நாட்களுக்குள் ஜில்லா நீதிமன்றத்திற்கு அப்பீல் போகலாம். வாயால் சொல்லிவிட்டுப் போனவர் பெரும்பாலும் அந்த உரிமையை இழந்துவிடுவார். நம் சங்கங்களின் மகாசபையில் வாய் திறவாதிருந்துவிட்டு, வெளியே வந்து டீக்கடையில் வரவு செலவை அலசும் அங்கத்தினர்கள் இவ்விதியைச் சற்று நினைவில் வைப்பார்களாக!

செலுத்தும் வகையிலும் இரக்கம் உண்டு. தீர்வையை 30 ஆண்டு வரை தவணையாக்கச் சட்டம் இடமளிக்கிறது. 65 வயது நிரம்பியவரோ உடல் ஊனமுற்றவரோ குடியிருக்கும் வீடாயின், செலுத்துவது அவருக்குக் கடினம் என்று கண்டால், நகரசபை தீர்வையை ஒத்திவைக்கலாம். உழவர்களுக்கு 1967ஆம் ஆண்டின் 'பசுமை ஏக்கர்' சட்டம் இருக்கிறது. ஊர் வளர்ந்து வயலின் வரப்புவரை வந்துவிட்டால், வயலின் முகப்பு முழுவதும் தெருவை ஒட்டி நீண்டு கிடக்கும். முகப்பளவில் தீர்வை போட்டால் விளைச்சல் முழுவதையும் விற்றாலும் கட்டி மாளாது. ஆதலின், நிலம் பயிர் நிலமாக இருக்கும்வரை தீர்வை ஒத்திவைக்கப்படுகிறது. அச்சலுகைக்குரிய தன்மையை நிலம் இழக்கும்போது, ஒத்திவைத்த தொகை வட்டியுடன் வந்து நிற்கும். நகரத்தின் எல்லையில் தோட்டக்கால் வைத்திருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு இது ஆலோசிக்கத்தக்க ஏற்பாடு.

இவ்வளவுக்கும் மேலான காப்பு ஒன்றுண்டு. தீர்வை, அம்மனைக்கு அவ்வேலையால் உண்டாகும் விசேஷப் பயனுக்கு மேற்படக் கூடாது. இக்கொள்கை வலுப்பெற்ற வரலாறு சுவையானது. ஒஹையோ மாநிலத்தில் சின்சினாட்டி நகருக்கு அருகில் நார்வுட் என்றொரு சிற்றூர். பேக்கர் அம்மையார் என்பவருடைய நிலத்தின் குறுக்கே புதிய தெரு ஒன்றைத் திறக்க ஊராட்சி விரும்பிற்று. நிலத்தைக் கையகப்படுத்தி, அதற்கு நஷ்டஈடாக 2,000 டாலர் என்று முடிவு செய்தது. பிறகு, அந்த 2,000 டாலரையும், அதனை முடிவு செய்ய ஆன வழக்குச் செலவையும் சேர்த்து, தெருவின் இருமருங்கும் எஞ்சிய அவருடைய நிலத்தின்மேலேயே தனித் தீர்வையாக ஏற்றிற்று! ஒரு கையால் கொடுத்து மறு கையால், வட்டியும் முதலுமாக என்பார்களே, அவ்வாறு பறித்துக்கொண்டது. 1898இல் சுப்ரீம் கோர்ட்டு இதனைச் செல்லாதென்றது. பயனை மிகவும் மிஞ்சிய தீர்வை, ஈடு தராமல் சொத்தை எடுத்துக்கொள்வதற்குச் சமானம் என்பது தீர்ப்பின் சாரம். மூன்றாண்டு கழித்து, 1901இல், கான்சாஸ் நகரத்துத் தார்த் தெரு வழக்கொன்றில் அதே கோர்ட்டு, முகப்பளவில் செலவைப் பங்கிடுவது தன்னளவில் தவறன்று என்று தீர்ப்பளித்தது. முன்னதில் வீட்டுக்காரர் மகிழ்ந்தார். பின்னதில் நகரசபைகள் மகிழ்ந்தன. இன்றுவரை இரண்டுக்கும் நடுவில்தான் வழக்கு ஊசலாடுகிறது.

முகப்பளவு என்றோம். அதனைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 400 அடி நீளமுள்ள ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்வோம். இருபுறமும் சேர்ந்து 800 அடி முகப்பு. வீட்டிற்கு 20 அடி வீதம் 40 வீடுகள். திரும்பத் தார் போட 16 லட்சம் ரூபாய் ஆகிறது என்று கொண்டால் அடிக்கு 2,000 ரூபாய். வீட்டிற்கு 40,000 ரூபாய். நேர்த்தியான கணக்குத்தான். ஆனால் மூலை வீட்டுக்காரரைப் பாருங்கள். அவர் வீட்டின் முன்பக்கம் 20 அடி. குறுக்குத் தெருவைப் பார்த்த பக்கச் சுவர் 60 அடி. முன் தெரு போட்டபோது 40,000 கட்டினார். சில ஆண்டுகளில் குறுக்குத் தெருவும் அதே விலைக்குப் போடப்பட்டால் 1,20,000 கட்டவேண்டும். வாசல் அவருக்கு ஒன்றே, தீர்வை இரண்டு. ஆகையால் பல நகரங்கள் மூலை மனைக்குத் தள்ளுபடி தருகின்றன. வேறு சில நகரங்கள் முகப்பை விட்டு, மனைக்கு இவ்வளவு என்று சமமாக வைக்கின்றன. அப்போது குடிசையும் மாளிகையும் ஒரே தொகை. எப்படிப் பங்கிட்டாலும் ஒருவர் முகம் வாடத்தான் செய்யும். பங்கீட்டுச் சூத்திரத்தைப் பற்றி நாம் அதிகம் கவலைப்படவில்லை. நம் கவலை வேறு.

முதன்முதலாகத் தெரு போடுவது ஒன்று. தேய்ந்த தெருவைத் திரும்பப் போடுவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவதுதான் அமெரிக்க நகரங்கள் பல செய்யும் பிழை என்பது நம் உறுதியான கருத்து. மண் பாதை தார்ச்சாலையானால் மனையின் மதிப்பு ஏறுவது கண்கூடு. தார்ச்சாலை தேய்ந்து, குழி விழுந்து, திரும்பத் தார்ச்சாலையானால் என்ன ஏறுகிறது? இருந்த இடத்திற்கு மீண்டது, அவ்வளவே. அங்கே நீதிமன்றங்கள் பயனை அளக்கும் கோல், வேலைக்கு முன் மனை என்ன விலை போகும், பின் என்ன விலை போகும் என்பது. 1976இல் விண்டம் நகரைப் பற்றிய வழக்கில் மின்னசோட்டா சுப்ரீம் கோர்ட்டு இக்கோலைத் தெளிவாக எடுத்துக்காட்டிற்று. விற்கப் போகிறவனுக்கு இது சரியான கோல். விற்க எண்ணமே இல்லாமல், அதே வீட்டில் பிறந்து, அதே வீட்டில் தொழில் செய்து, அதே வீட்டைப் பிள்ளைக்கு விடப் போகிறவனுக்கு? காகிதத்தில் ஏறிய விலையைக் கையில் காசாக அவன் எப்படி எடுத்துக் கட்டுவான்? வருமானம் குறைந்து, வீடு மட்டும் மிஞ்சிய முதியோர் இதனால் படும் இடரை உத்தேசித்தே மேலே கூறிய ஒத்திவைப்புச் சட்டம் தேவைப்பட்டது. மருந்து தேவைப்பட்டது என்றாலே நோய் இருந்தது என்பதுதானே பொருள்.

மேலும், தெருவைத் தேய்த்தவர் யார்? குப்பை லாரி தேய்த்தது. பள்ளிக்கூட பஸ் தேய்த்தது. அடுத்த பேட்டையிலிருந்து குறுக்கு வழி தேடி வந்த கார்கள் தேய்த்தன. குளிர் நாடாகிய மின்னசோட்டாவில் பெரிய குற்றவாளி தண்ணீர். சிறு வெடிப்பில் இறங்கிய நீர் உறைந்து விரியும், உருகிச் சுருங்கும். சில குளிர்காலங்களில் வெடிப்பு பள்ளமாகும். வெடிப்பை அடைக்க வேண்டிய காலத்தில் அடைத்துவிட்டால் சிறு செலவு. விட்டுவிட்டால் அடித்தளம்வரை பெயர்க்க வேண்டிய பெருஞ் செலவு. அடைக்காமல் விட்டது நகரசபை. பெருஞ் செலவு தனித் தீர்வையாக வருவது வாசற்காரர் தலையில். காலாகாலத்தில் பராமரிக்காதவனுக்கு அதனால் நஷ்டமே இல்லை என்னும்படி ஓர் ஏற்பாடு இருந்தால், பராமரிப்பு எங்ஙனம் நடக்கும்?

சங்கங்களின் பேரேடுகளைப் புரட்டுவதே தொழிலாகக் கொண்ட நமக்கு, இது உடனே ஒரு பழைய பற்று வரவுக் குறையாகக் கண்ணில் படுகிறது. எந்தச் சங்கமும் தறி வாங்கிய ஆண்டே அதன் விலை முழுவதையும் செலவெழுதுவதில்லை. தறி உளுத்துப் போகும்வரை ஒன்றும் எழுதாமலும் இருப்பதில்லை. ஆண்டுதோறும் ஒரு தொகையைத் தேய்மானமாக ஒதுக்குகிறது. ஒதுக்காத சங்கத்தின் லாபம் பொய் லாபம் என்று தணிக்கையில் எழுதிவிடுவார்கள். தெருவும் ஒரு தறிதான். அது இத்தனை ஆண்டில் தேயும் என்பது போட்ட அன்றே தெரியும். மேலே சொன்ன 16 லட்ச ரூபாய்த் தெரு 20 ஆண்டு உழைக்கும் என்று கொண்டால், ஆண்டுக்கு 80,000 ரூபாய் தேய்மானம். 40 வீட்டுக்கும் பிரித்தால் வீட்டிற்கு ஆண்டுக்கு 2,000, மாதத்திற்கு ஏறக்குறைய 167 ரூபாய். இதனை ஒதுக்காமல் 20 ஆண்டு 'வரி குறைவான நகரம்' என்று பெயரெடுத்துவிட்டு, பின்பு வீட்டிற்கு 40,000 என்று நோட்டீஸ் அனுப்புவது தேய்மானம் ஒதுக்காத சங்கத்தின் வேலை. அந்த 40,000ஐ ஒருசேரக் கட்ட இயலாதவர் நூற்றுக்கு 8 வட்டியில் பத்துத் தவணையாகக் கட்டினால், முதல் ஆண்டு அசல் 4,000, வட்டி 3,200. பத்தாண்டு முடிவில் வட்டி மட்டும் 17,600. ஆக மொத்தம் 57,600. விலைவாசி ஏறுமாதலால் இன்று ஒதுக்கிய பணம் நாளைக்குப் போதாது என்பது உண்மையே. அதற்காகத்தான் ஒதுக்கும் தொகையை அவ்வப்போது திருத்துகிறோம். ஒதுக்காமலே இருப்பதற்கு அது காரணமாகாது.

ஓட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கலிபோர்னியா மாநிலத்தில் 1978இன் 13ஆம் பிரேரணை, சொத்து வரியை மதிப்பில் நூற்றுக்கு ஒன்று என்று கட்டிப்போட்டது. வரியின் கதவு அடைபட்டவுடன் நகரங்கள் தனித் தீர்வையின் சன்னலை நாடின. அதனை மடக்க 1996இல் 218ஆம் பிரேரணை வந்தது. அதன்படி மனையுடையாருக்கு ஓட்டுச் சீட்டு தபாலில் போக வேண்டும். எதிர்ப்பு மிகுந்தால் தீர்வை இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவ்வோட்டுகளை எண்ணுவது தலைக்கு ஒன்றாக அன்று, செலுத்தும் தொகைக்கு ஏற்றபடி. பெரிய வணிகக் கட்டடம் ஒன்றின் ஒரு சீட்டு, வரிசை வீடுகள் பலவற்றின் சீட்டுகளை விழுங்கிவிடலாம். வாடகைக்குக் குடியிருப்பவருக்கோ பெரும்பாலும் சீட்டே இல்லை. தீர்வை மட்டும் வாடகையில் ஏறிவிடும். அடிக்கணக்கில் பணம் கேட்டால் அடிக்கணக்கில் ஓட்டும் தரவேண்டாமா என்று வாதிக்கலாம். 1844இல் ராச்டேல் நெசவாளர் முதலியோர் கடை திறந்த நாள் தொட்டு, பங்கு எத்தனையாயினும் ஆளுக்கு ஓர் ஓட்டே என்ற நெறியில் வந்த நமக்கு அவ்வாதம் ருசிக்காது.

இதற்கெல்லாம் மாற்று இல்லையா எனில், அங்கேயே தேடிக்கொண்டிருக்கிறார்கள். செயின்ட் பால் நகரம் தெருப் பெருக்குதல், பனி அகற்றுதல், பராமரிப்பு யாவற்றிற்கும் முகப்பளவில் ஒரு தொகை வசூலித்து வந்தது. சொத்து வரி விலக்குப் பெற்ற தேவாலயங்களும் அதனைக் கட்ட வேண்டியிருந்தது. தேவாலயங்கள் வழக்காடின. 2016இல் அம்மாநிலச் சுப்ரீம் கோர்ட்டு, பெயர் எதுவாயினும் இது வரியே, ஆதலால் வரிக்குரிய அரசியல் சட்டக் கட்டுகள் இதற்கும் உண்டு என்றது. 2023 நவம்பரில் அந்நகர வாக்காளர் தெருக்களுக்கும் பூங்காக்களுக்குமாக நூற்றுக்கு ஒன்று விற்பனை வரியை ஏற்றனர். இதுவும் நமக்கு முழு நிறைவு தரவில்லை. விற்பனை வரி, ஏழையின் கூலியில் பெரும்பங்கையும் செல்வனின் வருமானத்தில் சிறுபங்கையும் தொடுவது.

பழைய முறையை விடுவதிலும் ஒரு முள் இருக்கிறது. சென்ற ஆண்டு 40,000 கட்டித் தன் தெருவைப் புதுப்பித்துக்கொண்ட தெருவார், இவ்வாண்டு முதல் எல்லாத் தெருவுக்கும் பொது வரி என்று கேள்விப்பட்டால் என்ன சொல்வார்கள்? தம் தெருவுக்கும் கொடுத்து, பிறர் தெருவுக்கும் கொடுப்பதா என்று கொதிப்பார்கள், அக்கொதிப்பு நியாயமானது. மின்னசோட்டாவில் இடைனா என்னும் நகரம், தனித் தீர்வையை ஒரே நாளில் நிறுத்தாமல், ஆண்டுக்காண்டு அதன் பங்கைக் குறைத்து, குறைந்த அளவைச் சொத்து வரிக்கு மாற்றும் வழியை மேற்கொண்டது. நீண்ட காலம் பிடிக்கும் வழிதான். ஆயினும் பழைய கணக்கை மதித்துப் புதிய கணக்கு எழுதும் இம்முறையே நமக்கு உகந்ததாகப் படுகிறது. பங்கு விலையையோ பங்காதாய முறையையோ மாற்றும் சங்கமும் இவ்வாறுதான் பழைய அங்கத்தினரையும் புதிய அங்கத்தினரையும் ஒப்பு நோக்க வேண்டியிருக்கும்.

நிற்க. நம் ஊர்களுக்கு வருவோம். வாசற்காரரிடம் தெருச் செலவைக் கேட்பது நமக்கும் புதிதன்று. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிச் சட்டத்திலேயே, தனியார் தெருவைச் சமன் செய்து கல் பாவும்படி அதனை ஒட்டிய மனையுடையாருக்கு உத்தரவிடவும், அவர்கள் செய்யாவிடில் நகராட்சியே செய்து செலவை வசூலிக்கவும் இடமிருந்தது. 2023இல் அச்சட்டத்தின் இடத்தை நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் எடுத்துக்கொண்டது. 1990களின் இறுதியில் சென்னையை அடுத்த ஆலந்தூர் நகராட்சி, பாதாளச் சாக்கடைக்காக வீட்டு இணைப்பு ஒன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் முன்பணம் திரட்டிற்று. குடியிருப்போர் சங்கங்கள் இதற்குத் துணை நின்றன. ஆயிரக்கணக்கான குடும்பத்தார் மனமுவந்து கட்டினர். ஏன் கட்டினர்? இல்லாத ஒன்று புதிதாக வரப் போகிறது என்பதாலும், கணக்கு கண்முன் இருந்ததாலும். முதல் வேலைக்கு வாசற்காரர் பங்கு தருவது நியாயம் என்று நாம் மேலே கூறியதற்கு இது நல்ல சான்று.

'நமக்கு நாமே' திட்டம் சற்று வேறு. பொதுமக்கள் ஒரு பங்கு தந்தால் எஞ்சியதை அரசாங்கம் தரும் என்பது அதன் அமைப்பு. தன்முயற்சியை வளர்ப்பது என்ற வகையில் போற்றத்தக்கது. ஆனால் தேய்ந்த தெருவைத் திரும்பப் போடுவதற்கும் அதனையே எதிர்பார்க்கத் தொடங்கினால், பங்கு திரட்ட வல்ல தெரு முன்னே போகும், திரட்ட இயலாத தெரு குழியோடு நிற்கும். தறிக்கூலியில் வயிறு கழுவும் தெருவார், வட்டிக் கடையும் ஜவுளிக் கடையும் உள்ள தெருவாரோடு எப்படிப் போட்டியிடுவது? இத்தனைக்கும் தெரு மிகவும் வேண்டியது நெசவாளருக்குத்தான். காஞ்சிபுரத்திலும் சேலத்திலும் விடியற்காலையில் பாவு நீட்டுவது தெருவில். அவருக்குத் தெரு என்பது வழி மட்டுமன்று, பட்டறையின் ஒரு பகுதி. அந்தப் பயனை மனை விலைக் கோலால் அளக்கவே முடியாது.

திரும்பப் போடுவதால் பயன் என்கிறார்களே, நம்மூரில் சில சமயம் அதுவும் தலைகீழ். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தாரைக் கொட்டிக் கொட்டி, தெரு மேடாகி வீடு பள்ளமாகி, மழைநீர் திண்ணையைத் தாண்டி உள்ளே வருவதைக் காணாதவர் யார்? பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்பே புதிது போட வேண்டுமென்று அரசாங்கம் 2021இல் அறிவுறுத்தியது. தறிக்குழியில் தண்ணீர் தேங்கப் பெற்ற ஒருவரிடம் 'விசேஷப் பயன்' என்று சொல்லித் தீர்வை கேட்டால் அவர் என்ன விடை சொல்வார் என்பதை அங்கத்தினர்களின் ஊகத்திற்கே விடுகிறோம்.

ஆக, வீட்டு வரி சிறிது ஏறினாலும் ஏறட்டும், அதில் ஒரு பங்கு தெருவின் தேய்மான நிதியென்று தனிக் கணக்கில் ஏறட்டும் என்பதே நம் நிலை. அந்நிதியிலிருந்து வேறு செலவுக்கு எடுக்கலாகாது. எந்தத் தெரு முதலில் என்பது, யார் பங்கு திரட்டினார் என்பதைக் கொண்டன்று, எந்தத் தெரு எவ்வளவு தேய்ந்தது என்பதைக் கொண்டு முடிவாக வேண்டும். அமெரிக்க நகரங்களில் ஒவ்வொரு தெருவுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுப் பதிவேடு வைக்கும் வழக்கம் இருக்கிறது. அதனை நாம் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு விசாரணை, தபால் அறிவிப்பு, எழுத்து மூல ஆட்சேபம் ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். வாசற்காரரிடம் நோட்டீஸ் கொடுத்து வசூலிப்பதை, முதன்முதல் போடும் தெருவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போதைக்கு அங்கத்தினர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 2022 முதல் நம் நகரங்களில் பகுதி சபைகள் அமைந்துள்ளன. அடுத்த கூட்டத்தில், தம் தெரு கடைசியாக எந்த ஆண்டு போடப்பட்டது, என்ன செலவாயிற்று, எத்தனை ஆண்டு உழைக்கும் என்று மதிப்பிட்டார்கள், பழைய தாரைச் சுரண்டினார்களா, அடுத்த முறைக்கென இதுவரை எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்ற ஐந்து வினாக்களையும் எழுத்து மூலம் கொடுத்து, நடவடிக்கைக் குறிப்பில் பதியச் செய்வார்களாக. கிடைக்கும் விடைகளை நம் இதழுக்கு அனுப்பினால், ஊர்வாரியாக வெளியிட ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறோம்.